பிணத்தைத் திட்டிய குழாய்க்கா

படப்பிடிப்பில் அவளுக்குக் குழாய்க்கா என்று பெயர். திருகினால் வரும், மூடினால் நிற்கும். உதவி இயக்குநர் "ரெடியாக்கா?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் அவள் கண்ணில் முதல் சொட்டு திரண்டு நிற்கும். "கட்" என்ற சத்தம் கேட்டதும் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, "டீ வந்துடுச்சா?" என்பாள். கூட்டத்தோடு அழ வந்த மற்றப் பெண்கள் கண்ணுக்கடியில் கிளிசரினைத் தடவிக்கொண்டு எரிச்சலில் தவிக்கும்போது, இவள் மட்டும் ஒரு ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருப்பாள்.

"எதை நெனைச்சுக்கா அழுறீங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது. கேட்கிறவர்கள் ஒரு பெரிய சோகக் கதைக்குத் தயாராகிக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்பார்கள்.

"ஒண்ணையும் நெனைக்கலையே. கண்ணு நான் சொன்னா கேக்குது, அவ்வளவுதான்."

யாரும் நம்ப மாட்டார்கள். உள்ளே எதையோ போட்டு அமுக்கி வைத்திருக்கிறாள் என்று அவர்களாகவே பரிதாபப்பட்டுக்கொள்வார்கள். அவளுக்கோ அப்படி ஊரைக் கூட்டி அழும்படியாக வாழ்க்கையில் ஒன்றும் நடந்துவிடவில்லை. கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். ஒரே மகள், படிப்பில் கெட்டி. மொட்டை மாடியோடு இரண்டு அறை வீடு. அழுகை அவளுக்குத் தொழில். தச்சனுக்கு உளி மாதிரி. அதற்குப் பின்னால் துக்கம் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

வருஷக்கணக்காக அவள் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் அழுதாள். கேமரா அவள் தோளை உரசிக்கொண்டு யாரோ ஒரு கதாநாயகியின் முகத்தைத் தேடிப் போகும். திரையில் தெரிவது பாதிக் காது, கொஞ்சம் கூந்தல். அப்படி இருக்கையில் ஒரு இயக்குநர், எடுத்த காட்சியைப் போட்டுப் பார்க்கும்போது ஓரத்தில் இருந்த அந்தப் பாதி முகத்தைக் கவனித்துவிட்டார். அடுத்த படத்தில் அவளுக்கு ஒரு வேஷம் கொடுத்தார். கதாநாயகனின் அக்கா வேஷம். எதிரிகளை ஏமாற்றுவதற்காக நாயகன் செத்ததுபோல் நடிக்கிறான், அது தெரியாமல் அக்கா வந்து அழுகிறாள். ஒரே காட்சி, நாலே வரி. ஆனால் அந்த நாலு வரிக்கும் கேமரா அவள் முகத்தை விட்டு நகரக் கூடாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. பிணமாகப் படுக்கக் கணவரைக் கூப்பிட்டாள். அவரும் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த அலுப்பில் பாயில் நீட்டிப் படுத்தார். அவள் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் பிணம் குறட்டை விட ஆரம்பித்தது.

"என்னங்க, செத்தவன் கொறட்டை விடுவானா?"

"நிம்மதியா செத்திருக்கேன்னு வெச்சுக்கோயேன்" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார் அவர்.

அப்போது மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்த நாலு வரி மனப்பாடம் ஆகிவிட்டது.

படப்பிடிப்பன்று ஒரு பெரிய கூடத்தில் கட்டில் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, நாயகனைப் படுக்க வைத்திருந்தார்கள். சுற்றிலும் விளக்குகள் அனலாய்க் கொதித்தன. அந்த நாயகன் அப்போது கொடிகட்டிப் பறந்த நேரம். அவர் தும்மினால் பத்துப் பேர் கைக்குட்டையை நீட்டுவார்கள். முகத்துக்கு நேராக ஒருவரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

"ஆக்‌ஷன்" என்றார் இயக்குநர். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தம்பியின் சட்டையைத் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்தது. முதல் வரியைத் தொடங்கினாள். பிணம் களுக்கென்று சிரித்தது.

"பரவால்ல சார், இன்னொண்ணு போலாம்" என்றார் இயக்குநர்.

அடுத்த முறை மூன்றாவது வரி வரைக்கும் வந்தாள். நாயகன் ஒற்றைக் கண்ணைத் திறந்து, கேமராவுக்குப் பின்னால் நின்ற தன் நண்பர்களைப் பார்த்துச் சிமிட்டினார். அதற்கடுத்த முறை, குனிந்து அழுகிறவளின் நெற்றி முடியை உஃப் என்று ஊதிவிட்டார். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பதற்கு ஆள் இருந்தால் அவருக்கு உற்சாகம் கூடும். ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து வந்தாள். குழாய் ஒரு முறைகூட அவளை ஏமாற்றவில்லை. ஆனால் தொண்டை வறண்டுகொண்டே வந்தது. இந்த நாலு வரி தன் கையை விட்டுப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியில் ஒரு டேக் நன்றாக அமைந்தது. மூன்று வரி முடிந்து நாலாவதின் நடுவில் இருந்தாள். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நாயகன் வேண்டுமென்றே ஒரு பெரிய தும்மல் போட்டார்.

அவள் எழுந்து நின்றாள். கண்ணீர் இன்னும் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துய்யா! ஒழுங்கா சாகத் தெரியாதா உனக்கு? எந்திரி, நான் படுத்துக் காட்டுறேன்!"

 உயரத்தில் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லைட்மேன் முதலில் சிரித்தார். அப்புறம் கூடமே குலுங்கியது. நாயகன் மட்டும் சிரிக்கவில்லை. துணியை உதறிவிட்டு எழுந்து தன் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இயக்குநர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "அக்கா, போய் ஒரு சாரி சொல்லிடுங்க. ஒரு நிமிஷ வேலை."

"நான் எதுக்கு சார் சொல்லணும்?"

"அவர் ஹீரோக்கா."

"இந்த சீன்ல அவர் பொணம் சார்."

அவள் சாரி சொல்லவில்லை. உடையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். படம் வெளியானதும் மூன்று பேருமாகத் தியேட்டருக்குப் போனார்கள். அந்தக் காட்சி வந்தது. கட்டிலில் நாயகன் படுத்திருந்தார். அக்கா அழ வேண்டிய இடத்தில் ஒரு மின்விசிறி மெதுவாகச் சுற்றியது, பின்னால் வயலின் அழுதது.

"அம்மா, நீ எப்பம்மா வருவே?" என்று மகள் இருட்டில் கேட்டாள்.

"அந்த ஃபேன் நல்லா நடிச்சிருக்குல்ல?" என்றார் கணவர்.

தியேட்டர் என்றும் பாராமல் அவள் சிரித்துவிட்டாள். அந்த மனுஷனை அவள் கட்டிக்கொண்டதற்கு இது மாதிரி நேரங்கள்தான் காரணம். ஆனால் வீடு திரும்பும் வழியில் அந்த நாலு வரியையும் மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஆட்களைச் சேர்த்து அனுப்பும் ஏஜெண்ட் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "உன்ன அனுப்பினா என் பொழப்பு போயிடும். போய் கால்ல விழ வேணாம், வாயால ஒரு வார்த்த சொல்லேன்" என்றார். அவள் மாட்டேன் என்றாள். டப்பிங் தியேட்டரில் வேலை தேடிக்கொண்டாள். மற்ற நடிகைகள் திரையில் வாயைத் திறந்து அழ, அவள் மைக் முன்னால் நின்று அந்த வாய்களுக்குச் சத்தம் கொடுத்தாள். தாய் அழுகை, விதவை அழுகை, காதலில் தோற்றவள் அழுகை, விமானத்தில் ஏறிப் போகிறவனைப் பார்த்து அழும் அழுகை. எல்லாம் அவள் தொண்டையிலிருந்து வந்தன. முகம்தான் எங்கும் இல்லை. மகள் படித்து வங்கி வேலைக்குப் போகிற வரைக்கும் வண்டி இப்படியே ஓடியது.

அந்தப் படத்துக்கு வயதாகி, அதைப் பெரிய படம் என்று எல்லாரும் பேச ஆரம்பித்த காலத்தில், தயாரித்த கம்பெனி ஒரு காரியம் செய்தது. படத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய துண்டுகளைத் தூசி தட்டி எடுத்து, 'சிரித்து மாளாத காட்சிகள்' என்று இணையத்தில் போட்டது. அதில் ஒரு துண்டு தீயாய்ப் பரவியது. கண்ணீர் வழிய எழுந்து நின்று ஒரு பெண் பிணத்தைத் திட்டுகிற துண்டு.

காய்கறிக் கடையில் மீதிச் சில்லறைக்காக நின்றபோது பின்னால் இருந்த ஒருவருடைய போனிலிருந்து அவள் குரலே அவளைக் கூப்பிட்டது: "எந்திரி, நான் படுத்துக் காட்டுறேன்!" அடுத்த வாரம் அதைச் சட்டையில் அச்சடித்து விற்றார்கள். வேலையில் சோம்பியிருப்பவனை மேலாளர் திட்டுவதற்கு, ஆடுகளத்தில் கோட்டை விட்டவனைக் கிண்டல் செய்வதற்கு, எல்லாவற்றுக்கும் அந்த வரிதான். யார் அந்தப் பெண் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

மகளோடு வங்கியில் வேலை பார்ப்பவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். "பேங்க்ல என்னைப் பாத்தாலே படுத்துக் காட்டவான்னு கேக்குறாங்கம்மா. மானம் போகுது."

"உனக்கு எதுக்குடி மானம் போகுது? திட்டினது நான், வாங்கிக்கிட்டது அவரு."

மகளின் போனை வாங்கிப் பார்த்தாள். முதல் தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை பார்க்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுக்கு முன்னாடி எங்க?"

"அவ்வளவுதாம்மா. 'நிறுத்துய்யா'லருந்துதான் ஆரம்பிக்குது."

"அழுதத விட்டுட்டு, திட்டினத மட்டும் எடுத்திருக்கானுங்க." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அழாம திட்டினா அது வெறும் சண்டைடி."

நாலைந்து நாளில் கம்பெனி மேனேஜர் வீடு தேடி வந்தார். நாயகனுக்கு இப்போது முன்புபோல் மார்க்கெட் இல்லை. நரைத்த தாடியும் நல்ல பிள்ளைச் சிரிப்புமாகத் தொலைக்காட்சிகளில் வந்துகொண்டிருந்தார். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனதை வெட்டிவிட்டிருந்ததால், அந்தத் துண்டினால் அவருக்கு, எவ்வளவு ஜாலியான மனுஷன் என்ற பெயர் கிடைத்திருந்தது. அதை வைத்து மேடையில் ஒரு நிகழ்ச்சி, தொலைக்காட்சியிலும் வரும்.

"சார் சோபாவுல படுப்பாரும்மா. தும்முவாரு. நீங்க அந்த டயலாக்க விட்டா போதும், ஹால் அதிரும். அப்புறம் ஒரு சின்ன சாரி. சார் உங்களக் கட்டிப்புடிச்சு மன்னிச்சுடுவாரு. எமோஷனலா முடியும்."

"எதுக்கு மன்னிப்பாரு?"

மேனேஜர் கணவரைப் பார்த்தார். கணவர் ஸ்க்ரூ டிரைவரால் காது குடைந்துகொண்டிருந்தார். "என்னப் பாக்காதீங்க தம்பி. இந்த வீட்டுல நான் பொணம் வேஷத்துக்கு மட்டும்தான்" என்றார்.

"சரி, ஒண்ணு பண்ணுங்க" என்றாள் அவள். "அன்னைக்கு எடுத்தத முழுசாப் போடுங்க. நான் அழுதது, அப்புறம் திட்டினது. நான் வர்றேன்."

"அதுல காமெடி இல்லையேம்மா."

"அது காமெடி சீன் இல்லையேப்பா."

அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். யோசிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். மறுநாளே கம்பெனியின் எடிட்டிங் அறைக்குப் போனாள். அந்தத் துண்டை வெட்டி எடுத்த எடிட்டர் முப்பது வயதுக்காரி. குழாய்க்காவை வாசலில் பார்த்ததும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, நீங்களா? உங்க மேல எனக்கு எவ்வளவு..."

"இருக்கட்டும் தங்கச்சி. அன்னைக்கு எடுத்தது எல்லாம் இங்கதானே இருக்கு? போட்டுக் காட்டு."

"மேனேஜர் கிட்ட ஒரு வார்த்த..."

"என் மூஞ்சிய நான் பாக்குறதுக்கு அவர்கிட்ட எதுக்கு வார்த்த?"

எடிட்டர் கதவைச் சாத்திவிட்டுப் போட்டாள். பெரிய திரையில், தன் முகம் முழுசாக, இளமையாக, கண்ணை நிறைத்து வந்து நின்றதை அவள் முதல் முறையாகப் பார்த்தாள். சிரிப்பில் முடிந்த டேக், கண் சிமிட்டலில் முடிந்த டேக், ஊதியதில் முடிந்த டேக், ஒவ்வொன்றாக ஓடின. எடிட்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். குழாய்க்காவின் கண்ணில் ஈரமே இல்லை. வேலையைப் பார்க்கிற கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல கொஞ்சம் ஓவராப் பண்ணிட்டேன், இல்ல?"

"லேசாக்கா."

"கடைசிதான் சரி."

"கடைசி ரொம்ப ரொம்ப சரிக்கா. இத எதுக்குத் தூக்குனாங்கன்னு எனக்கு இன்னும் புரியல."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மேனேஜருக்குப் போன் செய்து, நிகழ்ச்சிக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மேடை பளபளவென்று இருந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. ஒப்பனை அறையில் ஒரு பெண் ஒப்புதல் தாளை நீட்டினாள், நிகழ்ச்சியை ஒளிபரப்புவதற்கு ஒரு கையெழுத்து வேண்டுமாம். "முடிச்சுட்டு வந்து போடுறேன்மா, கைல பவுடரு" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

தொகுப்பாளர் அவளை அழைத்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது. நாயகன் எழுந்து வந்து கை கொடுத்தார். "அக்கா, இன்னைக்கும் திட்டுவீங்களா?" என்று மைக்கில் கேட்டார். கூட்டம் ஆரவாரித்தது.

"படுங்க சார்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே சோபாவில் நீட்டிப் படுத்தார். கையை மார்பில் கட்டிக்கொண்டார். பல பேர் போனை உயர்த்திப் பிடித்தார்கள். அவள் சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் சட்டையின் முன்பக்கத்தைத் தடவினாள்.

"பித்தான் அறுந்துடுச்சுன்னு நேத்தே சொன்னியேடா தம்பி."

யாரோ பின்னால் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கண் நிறைந்திருந்தது.

"நாளைக்குத் தெச்சுத் தர்றேன்னு சொன்னேன். இதாடா அந்த நாளைக்கு?"

தொகுப்பாளர் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். அதில் இது இல்லை. நாயகன் ஏற்பாட்டின்படி தும்மினார். பெரிய தும்மல். அரங்கம் அந்த வரிக்காகக் காத்திருந்தது. அவள் திட்டவில்லை. தும்மியவனின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், சளி பிடித்த தம்பிக்குப் பார்ப்பதுபோல. கன்னத்தில் நீர் இறங்கியது.

"ஊசியக் கோத்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன்டா."

நாயகனுக்கு இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்தால் அசிங்கம், சிரித்தால் அதைவிட அசிங்கம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தார். மூச்சுகூட விடாமல் கிடந்தார்.

"இந்த நூல நான் எங்க கொண்டு போய் அறுப்பேன்?"

நாலு வரியும் முடிந்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள், அன்றைக்கு அவளுக்குக் கிடைக்காமல் போன அந்தக் கொஞ்ச நேரத்துக்காக. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது.

தொகுப்பாளர் சமாளிக்கப் பார்த்தார். "சூப்பர்க்கா! இப்ப அந்த டயலாக், அப்புறம் அந்த சாரி..."

"சாரி சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. டயலாக் அதான் எல்லார் சட்டையிலயும் இருக்கே, படிச்சுக்கட்டும்."

மேடைக்குப் பின்னால் நாயகன் அவளைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. "ஏன் திட்டல? பேசி வெச்சது அதுதானே?"

"நீங்க இன்னைக்கு ஒழுங்கா செத்தீங்க சார். திட்டுறதுக்கு என்ன இருக்கு?"

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி விறுவிறுவென்று நடந்தார்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை. அழுகைப் பகுதியை எடுத்துவிட்டு, சார் படுப்பதையும் தும்முவதையும் அந்தப் பழைய துண்டையும் சேர்த்துப் போடப் போகிறார்களாம். ஒப்புதல் தாளில் கையெழுத்து மட்டும் பாக்கி.

"முழுசாப் போட்டா கையெழுத்து" என்றாள் அவள்.

"புரிஞ்சுக்கோங்கம்மா. இல்லன்னா உங்க பகுதியவே மொத்தமாத் தூக்கிடுவோம்."

"தூக்குங்க. வெட்டுப்பட்டு எனக்குப் பழக்கம்தான்."

"விளம்பரத்துல எல்லாம் உங்க மூஞ்சியப் போட்டுட்டோம்!"

"அத ஏன் என்னைக் கேக்காமப் போட்டீங்க?"

மேனேஜர் வாசல்படியிலேயே நின்று யாருக்கோ போன் செய்தார், கத்தினார், கெஞ்சினார், மறுபடி கத்தினார். கணவர் அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், "ஐஸ் வேணுமா தம்பி, நம்ம வீட்டுல அது மட்டும் நெறைய இருக்கும்" என்றார். கடைசியில் மேனேஜர் தாளின் மேலேயே பேனாவால், முழுமையாக ஒளிபரப்பப்படும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே அவள் போட்டாள்.

நிகழ்ச்சி வந்தது. பாதிப் பேர் வரியை மறந்துவிட்டாள் கிழவி என்று எழுதினார்கள். இன்னும் கொஞ்சம் பேர் அழுதுவிட்டோம் என்று எழுதினார்கள். மகள் அன்று வங்கியிலிருந்து வந்ததும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாலு வரியையும் தப்பில்லாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பாடமெல்லாம் மறந்திருந்தது, அது மறக்கவில்லை. அந்த நாயகன் அதற்குப் பிறகு குழாய்க்காவைப் பற்றி எங்கும் பேசவில்லை. அந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வேறு இடங்களிலிருந்து வாய்ப்பு வந்தது. சின்னச் சின்ன வேஷங்கள், நீதிபதி, பஸ் கண்டக்டர், ஒரு படத்தில் கொலைகாரி. அழவே வேண்டாத வேஷங்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"இத வெட்டினா, வெட்டினத என்ன பண்ணுவீங்க?"

"அது எங்க சொத்தும்மா" என்பார்கள்.

"மூஞ்சி என்னுது. வெளிய விடுறதா இருந்தா என்னக் கேக்கணும். எனக்கு ஒரு காப்பி தரணும். சரின்னா எழுதுங்க."

சிலர் எழுதிக் கொடுத்தார்கள். சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். எழுதாதவர்கள் வீட்டு வாசலோடு திரும்பினார்கள், அவர்களுக்கு ஒரு டீகூடக் கிடைக்கவில்லை. நாளாவட்டத்தில் கூட்டத்தில் நிற்கிறவர்கள், அடி வாங்குகிறவர்கள், ஓடி வந்து விழுகிறவர்கள் எல்லாரும் அதே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள். பழைய ஏஜெண்ட் அவளைச் சாலையில் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"எல்லாம் நீ ஆரம்பிச்சு வெச்ச வியாதி. நேத்து வந்த பையன்கூட வெட்டினத என்ன பண்ணுவீங்கன்னு கேக்குறான். எனக்குத் தலைவலி."

"பரவட்டும்" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.